இமயத்தில் நடந்தவர்களுக்கு ஓட் ரூட் எந்த அளவுக்குக் கடினம்?

கோவையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "நானும் என் தங்கையும் ஹம்டா பாஸ், எவரெஸ்ட் பேஸ் கேம்ப் இரண்டும் முடித்தவர்கள். அடுத்த ஆண்டு ஜூலை முதல் வாரத்தில், பிரான்ஸின் ஷமோனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட் வரை குடில்களில் தங்கி ஓட் ரூட் நடக்க ஆசை. அந்தப் பாதையில் எந்தக் கணவாயும் 3000 மீட்டரைத் தொடவில்லை. ஆனாலும் படித்த இடமெல்லாம் மிகக் கடினம் என்கிறார்கள். 12 நாளில் முடிக்க முடியுமா? கைடு தேவையா?"

நாள் கணக்கும் கைடும் பிறகு வரட்டும். எவரெஸ்ட் பேஸ் கேம்பின் 5364 மீட்டரில் போய் நின்றுவிட்டு வந்த உடம்புக்கு அதில் பாதியைச் சற்றே தாண்டும் உயரம் எப்படிக் கடினமாகும், இமயத்தில் கிடைத்த அனுபவம் ஆல்ப்ஸில் செல்லுபடியாகுமா என்பதுதான் உங்கள் கேள்விக்குள் இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். பாதி செல்லுபடியாகும். குளிரைத் தாங்குவது, நாள்தோறும் நடப்பது, உயரத்தில் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்திருப்பது எல்லாம் உங்களிடம் இருக்கிறது. இல்லாமல் இருக்கக்கூடியவை இரண்டு. ஒரே நாளில் 1000 மீட்டருக்கு மேல் ஏறி, கிட்டத்தட்ட அதே அளவு இறங்கி, மறுநாளும் அதையே செய்யும் கால்கள் ஒன்று. "இன்று இந்தக் கணவாய் வேண்டாம்" என்று நீங்களே முடிவெடுக்கும் பழக்கம் இன்னொன்று. நான் பல ஆண்டுகளாக இந்தப் பாதையின் பெரும்பகுதி ஓடும் சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில் வசிக்கிறேன். கோடையில் நடைக் குழுக்களை அழைத்துப் போகப் பயிற்சி பெற்றவன். பனியாற்றில் கயிறு கட்டி அழைத்துப் போகும் மலை வழிகாட்டி இல்லை, மருத்துவரும் இல்லை. அந்த எல்லைக்குள் நின்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஓட் ரூட் என்ற பெயரில் இரண்டு பாதைகள் இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டிஷ் மலையேறிகள் பனியாறுகளைக் கடந்து ஷமோனியிலிருந்து ஸெர்மாட்டுக்குப் போன வழிதான் மூலப் பாதை. இன்று வசந்த காலத்தில் பனிச்சறுக்குக்காரர்கள் போவது அந்தப் பக்கம். அதற்குக் கயிறு, கிராம்பான் எனும் காலணியில் மாட்டும் இரும்பு முள்தகடு, பனிப்பிளவில் விழுந்தவரை மேலே தூக்கும் பயிற்சி எல்லாம் வேண்டும். நீங்கள் கேட்பது நடப்பவர்களுக்கான ஓட் ரூட். அது பெரிய பனியாறுகளை ஒதுக்கிவிட்டு, வடக்கு நோக்கி இறங்கும் பள்ளத்தாக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, 11 கணவாய்களை ஏறி இறங்கிப் போகிறது. எந்தக் கிளைப்பாதையை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து 180 முதல் 200 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 12,000 மீட்டருக்கு மேல். இணையத்தில் தேடும்போது இரண்டின் படங்களும் கலந்தே வரும். கயிறு கட்டிய ஆட்களைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், பச்சைப் புல்வெளிப் படங்களைப் பார்த்து இலேசாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

எவரெஸ்ட் பேஸ் கேம்ப் பாதையோடு ஒப்பிட்டால் கடினம் எங்கே இருக்கிறது என்று புரியும். அங்கே லுக்லாவில் 2860 மீட்டரில் தொடங்கி ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மெல்ல ஏறுகிறோம். தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பதுதான் அங்கே பாதுகாப்பு. பெரும்பாலானவர்களின் மூட்டையைப் போர்ட்டர் தூக்குகிறார். எப்போது கிளம்புவது, எங்கே ஓய்வு நாள் என்பதைக் கைடு சொல்கிறார். ஓட் ரூட்டில் உயரம் உங்களுக்குப் பெரிய எதிரி ஆகாது. 2900 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம். மூச்சு வாங்கும், அவ்வளவுதான். கணவாயைத் தாண்டியதும் இறங்கிவிடுகிறோம், பல இரவுகள் 2000 மீட்டருக்குக் கீழேதான். 2500 மீட்டருக்கு மேல் உயர நோய் யாருக்கும் வரலாம் என்பது உண்மை. ஆனால் பள்ளத்தாக்குகளில் சில நாள் நடந்த பிறகே உயரமான குடில்கள் வருவதால் இந்தப் பாதையே உடம்பைப் பழக்கிவிடுகிறது.

கடினம் ஏற்றத்தையும் இறக்கத்தையும் கூட்டிப் பார்க்கும்போது தெரிகிறது. இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் த்ரியான் என்ற ஊரிலிருந்து 2665 மீட்டர் உயரமுள்ள ஃபெனெத்ர தார்பெத் கணவாய் வழியாக ஷாம்பே போவீர்கள். தூரம் சுமார் 14 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 1400 மீட்டர். 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அப்படிப் போட்டால் ஐந்து மணி நேரத்தைச் சற்றே தாண்டும். ஆனால் கணவாய்க்கு இரு பக்கமும் பாறைக் குவியல், மறுபக்க இறக்கம் செங்குத்து, முதுகில் பை. நடைமுறையில் ஆறரை, ஏழு மணி நேரம் ஆகும், ஓய்வு தனி. சுவிஸ் வழிகாட்டிப் பலகைகளில் போட்டிருக்கும் நேரத்திலும் ஓய்வு சேராது என்பதை நினைவில் வையுங்கள். முதல் இரண்டு நாளில் உங்கள் வேகத்தைப் பலகை நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த விகிதம் கடைசி வரை பெரிதாக மாறாது. நீங்கள் ஒன்றரை மடங்கு எடுப்பவர் என்று தெரிந்துவிட்டால், பிறகு வரும் பெரிய நாள்களுக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று சரியாகச் சொல்லிவிடலாம்.

ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் தொடையை வாங்கும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுவது இந்த வகை வேலையில்தான். வலி அன்று தெரியாது, அடுத்த ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வரும். அந்த நாள்களிலும் இங்கே கணவாய் காத்திருக்கும். நல்ல செய்தி என்னவென்றால், ஒரு முறை இப்படி இறங்கிப் பழகிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அவ்வளவாகச் சேதப்படுவதில்லை. இது ஆய்வுகளில் நன்றாக நிறுவப்பட்ட விஷயம். அதனால் பயிற்சியில் ஓட்டத்தைவிட இறக்கத்துக்கு முதலிடம் கொடுங்கள். கோவையில் இருப்பது உங்களுக்கு வசதி. வெள்ளியங்கிரி ஏழு மலையையும் ஏறி அன்றே இறங்கியவர்களுக்கு மறுநாள் வீட்டுப் படியில் இறங்கும்போது என்ன ஆகும் என்று தெரியும். பிப்ரவரி முதல் மே வரை மலைக்கு அனுமதிக்கும் காலத்தில் இரண்டு மூன்று முறை, இடையில் இரண்டு வாரம் விட்டுப் போய் வாருங்கள். மற்ற வாரங்களில் முதுகில் எட்டு கிலோவோடு மாடிப்படி இறங்குங்கள், ஏறுவதற்கு லிஃப்ட் எடுத்தால்கூடப் பரவாயில்லை. முழங்காலில் பழைய வலி யாருக்காவது இருந்தால் இப்போதே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அதில் நான் சொல்ல எதுவும் இல்லை.

இந்தப் பாதையில் நான் மிகவும் மதிக்கும் நாள், மோன் ஃபோர் குடிலிலிருந்து ப்ராஃப்ளூரி குடிலுக்குப் போகும் நாள். 2457 மீட்டரில் இருக்கும் மோன் ஃபோரிலிருந்து கிளம்பினால், மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டு போகும் ஒற்றையடிப் பாதை. காலையில் ஐபெக்ஸ் ஆடுகள் பாதைக்கு நடுவிலேயே நிற்கும், எதிரே கோம்பின் மலைத்தொடர் முழுவதும் தெரியும். அங்கங்கே சங்கிலி கட்டியிருப்பார்கள், கால் தவறக்கூடாத இடங்கள் அவை. முதலில் 2648 மீட்டரில் தெர்மன் கணவாய், பிறகு 2921 மீட்டரில் லூவி கணவாய். அதைத் தாண்டியதும் காட்சி மாறிவிடும். கிராண்ட் டெஸேர் பனியாறு பின்வாங்கிய இடம் அது. புல் இல்லை, மரம் இல்லை, சாம்பல் நிறப் பாறைகளும் பனி உருகிய ஓடைகளும் மட்டும். பாதை என்று ஒன்று தரையில் தெரியாது. பாறை மேல் பூசிய வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் குறிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போக வேண்டும். கடைசியில் மூன்றாவது கணவாயான ப்ராஃப்ளூரி, 3000 மீட்டருக்குச் சற்றே குறைவு, பாதையிலேயே உயரமான இடம். அதன் இறக்கத்தில் பொடிக்கல் சரிவு, உளுந்து கொட்டிய தரையில் நடப்பது போல வழுக்கும். ஏழெட்டு மணி நேர நடையில் ஒரு ஊர் கிடையாது, பஸ் கிடையாது, போன் சிக்னலை நம்ப முடியாது. வெயில் நாளில் இது ஆல்ப்ஸின் மிக அழகான நடைகளில் ஒன்று. மூடுபனி இறங்கிய நாளில் குறிகளே கண்ணுக்குத் தெரியாது.

அந்த நாளைத் தவிர்க்க வழி இருக்கிறது, இதைப் பலர் தெரிந்துகொள்வதில்லை. முந்தைய பள்ளத்தாக்கில் இருக்கும் லெ ஷாபிள் ஊரிலிருந்து ரயிலில் சியோன் நகரத்துக்குப் போய், அங்கிருந்து கோடைக்கால பஸ்ஸில் கிராண்ட் டிக்ஸன்ஸ் அணைக்கு வந்துவிடலாம். 1961-ல் கட்டி முடித்த அந்த அணையின் உயரம் 285 மீட்டர், தன் எடையாலேயே தண்ணீரைத் தாங்கும் புவியீர்ப்பு அணைகளில் உலகத்திலேயே மிக உயரமானது. அணையின் உச்சிக்குக் கேபிள் கார் போகும். அங்கிருந்து ப்ராஃப்ளூரி குடில் ஏறி எட்டும் தூரம்தான். ஒரு நாள் நடையை இழப்பீர்கள், பயணத்தை இழக்க மாட்டீர்கள்.

அணைக்குப் பின்னால் நீண்டு கிடக்கும் டிஸ் ஏரியின் ஓரமாகப் போகும் அடுத்த நாளில்தான் எல்லோரும் பேசும் ஏணிகள் வருகின்றன. பா தெ ஷெவ்ர் என்ற 2855 மீட்டர் கணவாயின் பாறைச் சுவரில் இரும்பு ஏணிகளை வரிசையாகப் பொருத்தியிருக்கிறார்கள். உறுதியானவை, முறையாகப் பராமரிக்கிறார்கள். உயரப் பயம் இல்லாதவருக்குச் சில நிமிட வேலை. பயம் இருந்தால் பக்கத்திலேயே ரீட்மாட்டன் கணவாய் இருக்கிறது, 2919 மீட்டர். அங்கே ஏணி கிடையாது, ஆனால் செங்குத்தான கல்லோடை, மேலேயிருப்பவர் கால் பட்டுக் கல் உருண்டு வரும். என்னைக் கேட்டால் காய்ந்த நாளில் ஏணிதான் பாதுகாப்பு. இடி மின்னல் அறிகுறி இருந்தால் இரண்டுமே வேண்டாம், இரும்பைத் தொடவே கூடாது. இரண்டு வழியும் அரோலா என்ற ஊருக்கு இறங்குகின்றன.

அரோலாவுக்குக் கிழக்கே உள்ள பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2916 மீட்டர் தொராங் கணவாய், மொய்ரி ஏரி, நேரம் இருந்தால் பனியருவியை நேருக்கு நேர் பார்க்கும் மொய்ரி குடில், பிறகு ஸினால். அங்கிருந்து ஃபோர்க்லெத்தா கணவாயைத் தாண்டினால் பிரெஞ்சு பேசும் பகுதி முடிந்து ஜெர்மன் பேசும் பகுதி, க்ரூபன் என்ற சின்னக் குடியிருப்பு. மறுநாள் 2893 மீட்டர் ஆக்ஸ்ட்போர்ட் கணவாய். நடக்கக் கடினமில்லாத கணவாய்தான், ஆனால் மறுபக்கம் ஸாங்க்ட் நிக்லாவுஸ் வரை 1700 மீட்டருக்கு மேல் இறக்கம். பாதிக்கும் கீழே யுங்கன் என்ற குக்கிராமத்திலிருந்து ஒரு சின்னக் கேபிள் கார் இருக்கிறது. தயங்காமல் ஏறுங்கள். பத்து நாள் நடந்த முழங்காலுக்கு அந்தக் கடைசி 800 மீட்டர் இறக்கம் எதையும் கற்றுக்கொடுக்கப் போவதில்லை.

இப்போது முடிவெடுக்கும் பழக்கத்துக்கு வருகிறேன். இதுதான் என் பதிலில் முக்கியமான பகுதி. ஜூலை, ஆகஸ்டில் குடில்கள் நிரம்பிவிடும். அதனால் மாதக்கணக்கில் முன்பே ஒவ்வொரு இரவுக்கும் படுக்கை பதிவு செய்கிறோம். ஒரு இரவு தவறினால் அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனை இரவும் குலையும். காலையில் வானம் கறுத்திருக்கும்போது மனசு வானத்தைப் பார்ப்பதில்லை, அடுத்த குடிலில் பணம் கட்டி வைத்திருக்கும் படுக்கையைப் பார்க்கிறது. குழுக்களோடு போகும்போது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். நல்ல உடல்வலு உள்ளவர்கள், நல்ல சாமான் உள்ளவர்கள், பதிவு கலையக்கூடாது என்பதற்காகப் புயலுக்குள் ஏறிப் போவார்கள். அடுத்த குடில் பக்கத்தில்தானே என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்ளும். 2018 ஏப்ரல் இறுதியில் பனிச்சறுக்குக்காரர்களின் ஓட் ரூட்டில், பின்ய தாரோலா மலைக்கு அருகே புயலில் சிக்கிய 14 பேர் இரவு முழுவதும் வெட்டவெளியில் கிடந்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள். அவர்கள் போக வேண்டிய வின்யெத் குடில் சில நூறு மீட்டர் தூரத்தில்தான் இருந்தது. ஒரு குழுவோடு அனுபவமுள்ள வழிகாட்டியும் இருந்தார், அவரும் இறந்துபோனார். அது பனிக்கால உயரப்பாதை, உங்கள் கோடை நடைபாதையில் அந்த அளவு ஆபத்து இல்லை. ஆனாலும் காற்றும் ஈரமும் வெண்மூட்டமும் சேர்ந்தால் சில நூறு மீட்டர்கூடத் தாண்ட முடியாத தூரமாகிவிடும் என்பது கோடைக்கும் பொருந்தும். ஆகஸ்டிலும் 2500 மீட்டருக்கு மேல் பனி பொழிவதுண்டு.

ஆகவே குடில்களைப் பதிவு செய்வதற்கு முன்னால் வெளியேறும் வழிகளைக் குறித்து வையுங்கள். ஒரு தாளில் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே, அன்று மேலே போக முடியாவிட்டால் எந்தப் பக்கம் இறங்குவது, எங்கே பஸ், அது அடுத்த பள்ளத்தாக்குக்கு எப்படிப் போகும் என்று எழுதுங்கள். சுவிட்சர்லாந்தில் இது சாத்தியம், அதுதான் இந்தப் பாதையின் பெரிய கொடை. அரோலாவிலிருந்து மஞ்சள் போஸ்ட் பஸ் சியோனுக்குப் போகும், ஸினாலிலிருந்து பஸ்ஸில் சியர் நகரத்துக்குப் போகலாம், மொய்ரி அணையிலிருந்து கோடையில் க்ரிமென்ட்ஸுக்கு பஸ் உண்டு, ஸாங்க்ட் நிக்லாவுஸ் ஸெர்மாட் போகும் ரயில் பாதையிலேயே இருக்கிறது. ஏறக்குறைய எந்த நாளையும் பஸ்ஸிலும் ரயிலிலும் சுற்றிக்கொண்டு அன்று மாலையே அடுத்த ஊரில் சேர்ந்துவிடலாம். க்ரூபன் மட்டும்தான் கொஞ்சம் ஒதுக்குப்புறம். அப்புறம், 12 நாள் நடைக்கு 14 நாள் ஒதுக்குங்கள். அந்த இரண்டு உபரி இரவுகளை அரோலாவிலும் ஸினாலிலும் வையுங்கள், மலை மேல் வேண்டாம். ஊரில் தங்கினால் துணி துவைக்கலாம், கால் ஆறும், மழை பெய்தால் ஒரு நாள் பொறுத்துப் போகலாம். நல்ல வானிலை அமைந்து உபரி நாள் தேவைப்படாவிட்டால் ஸெர்மாட்டில் செலவழிக்க மனசு வலிக்காது.

நாள்தோறும் கடைப்பிடிக்க ஒரு நேர ஒழுங்கு வேண்டும். ஆல்ப்ஸில் கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் கட்டும். அதனால் காலை ஏழுக்குள் கிளம்பி, நண்பகலுக்குள் கடைசிக் கணவாயைத் தாண்டிவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய மாலை சுவிஸ் வானிலை நிறுவனமான மீட்டியோஸ்விஸின் செயலியில் முன்னறிவிப்பைப் பாருங்கள், அதோடு குடில் பொறுப்பாளரிடமும் கேளுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று எண்ணலாம். 30 விநாடிக்குள் இடி கேட்டால் புயல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, முகட்டிலிருந்து உடனே இறங்க வேண்டும்.

ஜூலை முதல் வாரம் பற்றி: நான் தள்ளிப்போடச் சொல்வேன். லூவி, ப்ராஃப்ளூரி போன்ற கணவாய்களின் நிழல் பக்கங்களில் ஜூலை நடுப்பகுதி வரை பழைய பனி கிடப்பது சாதாரணம். காலையில் அது இறுகிப் போயிருக்கும், சரிவில் சறுக்கினால் பாறையில் மோதித்தான் நிற்போம். எந்த ஆண்டு எவ்வளவு இருக்கும் என்பது அந்தக் குளிர்காலப் பனிப்பொழிவையும் ஜூன் வெயிலையும் பொறுத்தது, இப்போதே யாராலும் சொல்ல முடியாது. விடுமுறையை மாற்ற முடிந்தால் ஜூலை கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் முதல் வாரத்துக்குள் வையுங்கள். நான் விரும்பும் காலம் ஆகஸ்ட் இறுதி, குடில்களில் கூட்டம் குறையத் தொடங்கியிருக்கும். முடியாது, ஜூலை முதல் வாரம்தான் என்றால், காலணியில் மாட்டும் சின்ன முள்பட்டைகளை எடுத்து வாருங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் மோன் ஃபோர், ப்ராஃப்ளூரி குடில்களுக்குப் போன் செய்து கேளுங்கள். கோடை முழுவதும் அங்கேயே வாழ்பவர்கள் சொல்லும் பதிலுக்குச் சமமான தகவல் வேறு எங்கும் கிடைக்காது.

கடைசி இரண்டு நாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸாங்க்ட் நிக்லாவுஸ் பள்ளத்தாக்கின் உயரத்தில் ஸெர்மாட் வரை ஓடும் பாதையின் பெயர் ஐரோப்பாவேக். எதிரே வைஸ்ஹார்ன், கடைசியில் மாட்டர்ஹார்ன் என்று காட்சி அபாரம். ஆனால் அந்தச் சரிவு நிலையற்றது. 1991 வசந்தத்தில் எதிர்ப்பக்கம் ராண்டா ஊருக்கு மேலே சுமார் மூன்று கோடி கனமீட்டர் பாறை சரிந்து, ஆற்றையும் ரயில் பாதையையும் அடைத்தது. ஐரோப்பாவேக்கில் 2010-ல் கட்டிய ஒரு தொங்குபாலம் சில மாதங்களுக்குள் கல் விழுந்து பயனற்றுப்போனது. அதற்குப் பதிலாக 2017 ஜூலையில் திறந்ததுதான் 494 மீட்டர் நீளமுள்ள சார்ல்ஸ் குவோனன் பாலம். 2025 மே 28 அன்று இதே மாநிலத்தின் லோட்ஷன் பள்ளத்தாக்கில் பாறையும் பனியாறும் சேர்ந்து சரிந்து ப்ளாட்டன் கிராமத்தின் பெரும்பகுதியை மூடியதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். முன்கூட்டியே கண்காணித்து ஊர்மக்களை வெளியேற்றியிருந்ததால் பேரிழப்பு தவிர்ந்தது. உயரத்தில் பாறை இடுக்குகளை இறுக்கிப் பிடித்திருந்த நிரந்தரப் பனி இளகுவது உறுதியாகத் தெரிந்த விஷயம். எந்த நாளில் எந்தக் கல் விழும் என்பது யாருக்கும் தெரியாத விஷயம். ஆகவே பாதையை மூடியிருப்பதாகப் பலகை வைத்திருந்தால் அதைத் தாண்டாதீர்கள், முன்னால் நாலு பேர் தாண்டிப் போனாலும் சரி. பள்ளத்தாக்கின் அடியில் ராண்டா, டாஷ் வழியாக ஸெர்மாட்டுக்கு நல்ல நடைபாதை இருக்கிறது. அதில் போனவர்களும் ஓட் ரூட்டை முடித்தவர்கள்தான்.

குடில் வாழ்க்கை உங்களுக்கு நேபாளத் தேநீர் விடுதிகளைவிட வசதியாகவே இருக்கும், ஒழுங்கு மட்டும் கூடுதல். 1863-ல் தொடங்கிய சுவிஸ் ஆல்பைன் கிளப்புக்கு நாடு முழுவதும் 150 குடில்கள் போல உண்டு. சில தனியாருடையவை, ப்ராஃப்ளூரி அப்படித்தான். நீண்ட படுக்கைகளில் வரிசையாகப் படுக்க வேண்டும், போர்வை அவர்கள் தருவார்கள், உள்ளே நுழைந்துகொள்ளும் மெல்லிய உறை நீங்கள் கொண்டுபோக வேண்டும். காலணியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு அங்கே இருக்கும் செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். இரவு உணவு எல்லோருக்கும் ஒரே நேரத்தில், ஒரே சமையல். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், பாலாடைக்கட்டியோடு ஏதாவது செய்து தருவார்கள். காரத்துக்குப் பழகிய நாக்குக்கு ஒரு பொட்டலம் பருப்புப்பொடியோ ஊறுகாயோ பத்தாம் நாளில் பெரிய ஆறுதல். இரவு உணவு, படுக்கை, காலை உணவு சேர்த்து ஆளுக்கு 80 முதல் 100 பிராங்க் வைத்துக்கொள்ளுங்கள், ரொக்கமாகக் கொண்டு போங்கள். உயரமான குடில்களில் குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகாததாக இருக்கலாம், ஹெலிகாப்டரில் வரும் பாட்டில் தண்ணீர் விலை அதிகம். தண்ணீர் சுத்திகரிக்கும் மாத்திரை சில கிராம்தான். இன்னொன்று, மனசு மாறி இறங்கிவிட்டால் பதிவு செய்த குடிலுக்கு உடனே போன் செய்து சொல்லுங்கள். பணம் போனாலும் போகட்டும். சொல்லாவிட்டால் நீங்கள் வழியில் சிக்கிக்கொண்டதாக நினைத்து மீட்புக் குழுவை அனுப்பக்கூடும்.

மீட்பு என்றதும் காப்பீடு. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதை எடுத்துவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். பல பாலிசிகளில் மலை மீட்பு சேராது, அல்லது ஒரு உயரத்துக்கு மேல் செல்லாது என்று சின்ன எழுத்தில் இருக்கும். சுவிட்சர்லாந்தில் ஹெலிகாப்டர் வந்தால் கட்டணம் உங்கள் கணக்கில். மலையில் தேடல், மீட்பு, ஹெலிகாப்டர் மூன்றும் 3000 மீட்டர் வரை சேரும் என்று எழுத்தில் வாங்குங்கள். வாலேயில் அவசர எண் 144, ஐரோப்பா முழுவதும் 112. போன் வேலை செய்யாவிட்டால் விசிலாலோ டார்ச்சாலோ ஒரு நிமிடத்தில் ஆறு முறை சைகை, பிறகு ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. பதிலாக நிமிடத்துக்கு மூன்று வந்தால் உங்களைப் பார்த்துவிட்டார்கள்.

கைடு தேவையா என்றால், பாதை கண்டுபிடிக்கத் தேவையில்லை. குறிகள் தெளிவாக இருக்கின்றன, பனி இல்லாத காலத்தில் கயிறு வேண்டிய இடம் எதுவும் இல்லை. ஆனால் நேபாளத்தில் உங்கள் கைடு செய்த வேலை, அதாவது வானத்தைப் பார்ப்பது, தங்கையின் முகத்தைப் பார்ப்பது, இன்று போதும் என்று சொல்வது, அதை இங்கே உங்களில் ஒருவர் செய்ய வேண்டும். யார் வேண்டாம் என்றாலும் இருவரும் திரும்புவது என்று வீட்டிலேயே பேசி வையுங்கள், மேலே போய்ப் பேசினால் வலுவுள்ளவர் பேச்சுதான் நிற்கும். அந்தப் பொறுப்பு பாரமாகத் தோன்றினால், மோன் ஃபோரிலிருந்து அரோலா வரையிலான நாள்களுக்கு மட்டும் ஒரு கைடை அமர்த்திக்கொள்வது நல்ல நடுவழி. பையை எட்டு முதல் பத்து கிலோவுக்குள் அடக்குங்கள், இரண்டு கைத்தடியும் வேண்டும், காலணியைக் கோவையிலேயே ஒரு மாதம் போட்டுப் பழகிவிட்டு வாருங்கள். தேதி முடிவானதும் எந்த இரவு எந்தக் குடில் என்ற வரிசையை இங்கே எழுதுங்கள். உபரி இரவுகள் சரியான இடத்தில் விழுந்திருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்கிறேன்.